டம்மி வரிக்காரர்

“மோட்டார் போடலையா... மோட்டார் போடலையா... மேல் வீட்டில் யாருமே குளிக்கலையா...”

கண்களைப் பாதி மூடிக்கொண்டு, காதலியைப் பிரிந்தவனின் குரலில் உருகியபடி அவர் படியேறி வருகிறார். ஒரு கையில் தக்காளிப் பை. மறு கை கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டே வருகிறது. “குளிக்கலையா” என்ற இடத்தில் குரல் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறது. அந்த இடம் அவருக்குத் திருப்தியாக இல்லை. படியிலேயே நின்று மறுபடி பாடுகிறார். இந்த முறை “குளிக்கலையா” போய் “துவைக்கலையா” வந்துவிடுகிறது. முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து, “மோட்டார் போட்டாச்சு சார், ஓடிட்டுத்தான் இருக்கு” என்கிறார்.

“ஐயையோ, உங்களைக் கேக்கலைங்க. இது டூயட்டு.”

அவர் வீட்டுக்கு மேல் வீடு என்னுடையது. நாங்கள் குளிக்கவும் குளித்தோம், துவைக்கவும் துவைத்தோம். ஆனால் அவருடைய பாட்டில் உண்மை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் அவர் தொழில்.

சினிமாப் பாட்டுக்கு டம்மி வரி போடுகிறவர் அவர். இசையமைப்பாளர் ஒரு மெட்டுப் போட்டதும், கவிஞர் வந்து உண்மையான வரிகளை எழுதித் தரும் வரைக்கும் அந்த மெட்டு வெறும் வாயோடு நிற்க வேண்டாம் என்று அதற்குள் ஏதாவது சொற்களைப் போட்டு நிரப்பி வைப்பார். டைரக்டர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார். பாடகர்கள் அதை வைத்துப் பழகுவார்கள். கவிஞரின் வரிகள் வந்து சேர்ந்ததும் இவருடையவை போய்விடும். இத்தனை வருடத்தில் எத்தனை பாட்டுக்கு இப்படிப் போட்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. எல்லாரும் கேட்டிருக்கிற பாட்டுகள்தான். இவருடைய சொல் ஒன்றுகூட அவற்றில் கிடையாது. ஒரே ஒரு பாட்டைத் தவிர.

“தன்னன்னா தன்னன்னான்னு பாடினா டைரக்டருக்குத் தூக்கம் வந்துடும் தங்கச்சி” என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். தையல்காரியான என்னிடம் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுக்க வந்திருந்தார். “அதே மெட்டுல ‘சட்டை எங்க, சாவி எங்க’ன்னு பாடிப் பாரு. டக்குனு நிமிர்ந்து உக்காருவார். மனுசக் காது அப்படி. அர்த்தம் இருக்கோ இல்லையோ, பேச்சு இருந்தாத்தான் திரும்பும்.”

“அப்போ நல்ல வரியாவே போட்டுடலாமே சார்?”

“அங்கதான் இருக்கு சூட்சுமம். ரொம்ப நல்லாப் போட்டா கவிஞருக்குக் கோவம் வரும். ரொம்ப மோசமாப் போட்டா மெட்டையே தூக்கிக் கடாசிடுவாங்க. நடுவுல நிக்கணும். பஸ்ல சீட்டுப் பிடிக்கப் போடுற கைக்குட்டை மாதிரி. சீட்டைப் பிடிக்கணும், ஆனா கைக்குட்டையே ஊர் போய்ச் சேர்ந்துடக் கூடாது.”

நடுவில் நிற்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி யோசிக்காமல் இருப்பது. யோசித்தால் வரி நன்றாக வந்துவிடுமாம். ஆகவே கடைசியாகக் காதில் எது விழுந்ததோ அதை அப்படியே எடுத்து மெட்டில் போடுவார். பேப்பர்காரனின் கத்தல், பேருந்து நடத்துநரின் திட்டு, டாக்டர் சொன்ன சர்க்கரை அளவு, எதுவானாலும் சரி. பிரபலமான ஒரு தாலாட்டு, கவிஞர் கைக்குப் போகும் முன் ஒரு நாள் முழுவதும் “கரண்டு பில்லு கட்டியாச்சா கண்ணே” என்று இருந்ததாகச் சொல்கிறார். இப்போது அந்தத் தாலாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மின்சாரக் கட்டணம் ஞாபகம் வருகிறது.

ஆள் மெலிவு. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும், சத்தம் கேட்ட கோழியைப் போல. யாராவது பேசும்போது உதடுகள் சத்தமில்லாமல் அசையும். நாம் சொல்வதைத்தான் அவர் உள்ளே பாடிப் பார்க்கிறார் என்பது புதியவர்களுக்குத் தெரியாது. அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். வாக்கியம் பிடித்துப் போனால், “நல்லா உக்காருது” என்பார். சொற்கள் மெட்டின் மேல் இடறாமல் உட்காருகின்றன என்று பொருள். முதல் மாடிக்காரரின் அப்பா இறந்த அன்று, அந்த மாடிக்காரர் வாசலில் நின்று, “காலையில பேசிட்டே இருந்தார் சார், அப்படியே போயிட்டார்” என்றார். இவருடைய உதடுகள் அசைந்தன. “நல்லா உக்கா...” என்று வந்துவிட்டது. மீதியை விழுங்கிவிட்டார். அன்று முழுவதும் அந்த வீட்டுக்கு நாற்காலி சுமப்பதும், தண்ணீர் கொண்டுவருவதுமாக ஓடிக்கொண்டே இருந்தார். முதல் மாடிக்காரருக்கு எதுவும் புரியவில்லை; நல்ல மனிதர் என்று எல்லாரிடமும் சொன்னார்.

பாட்டின் சரித்திரம் அவருக்கு வயிற்றின் வழியாகத்தான் தெரியும். “முதல்ல பாட்டு எழுதினாங்க, அப்புறம் மெட்டுப் போட்டாங்க. அப்ப என்னை மாதிரி ஆளே தேவையில்ல. அப்புறம் எவனோ ஒரு மகராசன், மெட்டு முன்னாடி போகட்டும், பாட்டு பின்னாடி வரட்டும்னான். அன்னைக்குத்தான் எனக்குச் சோறு பொறந்துச்சு.” அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே அறையில் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்களாம். ஒருவர் இருமினால் அத்தனை பேரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு குரல் தனியாகவும் வாத்தியம் தனியாகவும் பதிவாகத் தொடங்கியது. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே பாட்டில் இருந்தார்கள். “கேசட்டு வந்தப்பதான் பாட்டு வீட்டுக்குள்ள வந்து அழ ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடி ஊர் அழுதாத்தான் சேர்ந்து அழ முடியும்” என்பார். இப்போது மெட்டுக்கும் முன்னால் தாளம் வந்துவிட்டதாம். “டும்டும்னு அது பாட்டுக்கு ஓடுது. கடைசியில ஞாபகம் வந்தா மனுசனைக் கூப்பிடுறான்.” ஆனாலும் கூப்பிடுகிறார்கள். வாரத்தில் பாதி நாள் காலையில் கிளம்பிப் போய், சாயங்காலம் வேறொரு டூயட்டோடு படியேறுகிறார்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அவர் கிளம்பிப் போனதும் அக்கா மேலே என் வீட்டுக்கு வருவாள். நான் தைத்துக்கொண்டிருப்பேன். அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நூல் பிரிப்பாள், கொக்கி வைப்பாள், பேசுவாள். அப்படி ஒரு பேச்சு. ஆட்களை அப்படியே நடித்துக் காட்டுவாள். வெளியூரில் இருக்கும் மகள் போனில் கொட்டாவி விடுவதைக்கூடச் செய்து காட்டுவாள். அவளுடைய தங்கையின் கணவர் போன வருடம் இறந்துவிட்டார். அவர் இருந்தபோது குறட்டை தாங்காமல், ஆதாரத்துக்காகத் தங்கை அதைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தாளாம்.

“இப்ப அதைப் போட்டுட்டுத்தான் தூங்குறா. ‘எப்படிடீ தூக்கம் வருது’ன்னு கேட்டேன். ‘நடுவுல ஒரு எடத்துல நிக்கும்க்கா, அங்க மட்டும் முழிச்சுக்குவேன்’னா.” சொல்லிவிட்டு அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கொக்கி வைத்தாள்.

அதே அக்கா கீழே அவரிடம் பேசுவதைக் கேட்டால் வேறு ஆளோ என்று தோன்றும். “கேஸ் தீர்ந்துருச்சு.” “சாவி ஆணியில.” “பல் டாக்டர், நாளைக்கு.” இவ்வளவுதான். கோபமான குரலும் இல்லை. பார்சலில் முகவரி ஒட்டுவதைப் போல ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஒருநாள் இதைக் கேட்டே விட்டேன்.

“அவர்கிட்ட வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, இது எந்த மெட்டுலயாவது உக்காருமான்னு பார்ப்பேன். உக்காரும்னு தோணினா சொல்ல மாட்டேன். ‘கேஸ் தீர்ந்துருச்சு’ங்கறதை யாராலயும் பாட முடியாது.”

“கரண்டு பில்லையே பாடியிருக்காரேக்கா.”

“அது தாலாட்டு. பசியில இருக்கற குழந்தை எதுக்கும் தூங்கிடும்.”

பிறகு மெதுவாக அந்தக் கதையைச் சொன்னாள்.

கல்யாணமான புதிது. அக்கா தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். சொல்லிவிட்டுத்தான் போனாள், அவரும் “ம்” என்றுதான் சொன்னார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “டீ போடறியா?” என்றார். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, “நான் போயிட்டா தேடுவீங்களா?” என்று கேட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உதடுகள் அசைந்தன.

“பதில் வருதுன்னு நினைச்சேன்” என்றாள் அக்கா. “என்னமோ பெருசாச் சொல்லப் போறார், அதான் இவ்வளவு நேரம் ஆகுதுன்னு நினைச்சேன். நின்னுட்டே இருந்தேன். அப்புறம் நான் போய் டீ போட்டேன்.”

மறுநாள் காலையில் இசையமைப்பாளர் ஒரு மெட்டு வாசித்தார். கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அது வாயில் வந்தது. “நான் போயிட்டா தேடுவியா... நான் போயிட்டா தேடுவியா...” அறையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்களாம். அப்போதே அவருக்குத் திக்கென்றிருந்ததாகச் சொல்கிறார். கைக்குட்டை சீட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதை எடுத்துவிட அவர் பட்ட பாட்டையும் என்னிடம் சொல்லியிருக்கிறார். கவிஞர் அந்த இடத்துக்கு வரி மேல் வரியாக எழுதி வந்தார். நிலவு வந்தது, நதி வந்தது, நிழல் வந்தது. டைரக்டர் எதையும் ஏற்கவில்லை. “இதுல எல்லாம் நீங்க பேசுறீங்க சார். அதுல அந்தப் பொண்ணு பேசுது” என்றார். கவிஞர் முகம் சுருங்கி, மற்ற வரிகளை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் இசையமைப்பாளரைத் தனியாகப் பிடித்து, அந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினார். “உன் வரியாய்யா அது? டம்மிய்யா. டம்மிக்கு எவனாவது சொந்தம் கொண்டாடுவானா?” என்று சிரித்தார் அவர். “என் மனைவி கேட்டது” என்று அங்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை என்கிறார்.

வீட்டிலும் சொல்லவில்லை. படம் வெளிவந்தது. ஒரு மத்தியானம் அக்கா பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள். எதிர்க் கடை வானொலியில் அந்தப் பாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடினார்கள்; ஒருத்தி “தேடுவியா” என்று கேட்க, இன்னொருத்தி “மாட்டேன் போ” என்று நாக்கை நீட்டினாள்.

“வீட்டுக்குள்ள நான் கேட்டதை ஊரே வாயில போட்டு மெல்லுது” என்றாள் அக்கா. “வரியை அப்படியே எடுத்துட்டு மரியாதையை மட்டும் வெட்டிட்டார். ‘தேடுவீங்களா’ மெட்டுல உக்காரலையாம்.” இதைச் சொல்லும்போதுகூட அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. “போட்டது போகட்டும் தங்கம். போட்டதுல எனக்கு அவ்வளவு வருத்தமில்ல. நான் கேட்டேன் இல்ல? கேட்டதுக்கு ஒரு வார்த்தை? உலகத்துல இருக்கறவன் எல்லாம் அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லிட்டான். டீக்கடைக்காரன்கூடச் சொல்லிட்டான். கேட்டவளுக்கு மட்டும் வரல.”

அவர் முயலாமல் இல்லை. சில வருடம் கழித்து, மகளைத் தூங்கவைத்துவிட்டு வந்த அக்காவைப் பார்த்து, எந்த முன்னுரையும் இல்லாமல் “தேடுவேன்” என்றாராம். அக்கா நின்றாள்.

“எந்தப் படத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, விளக்கை அணைக்கப் போய்விட்டாள்.

இதை இரண்டு பேருமே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், தனித்தனியாக. சொன்னவிதத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அக்கா சொல்லிவிட்டு, “அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றாள். அவர் சொல்லிவிட்டு, “கேக்கத்தானே செய்வா” என்றார். அன்பு, கண்ணே, உயிரே, உன்னைத் தேடுவேன், பிரிய மாட்டேன் என்று எல்லாவற்றையும் வருடக்கணக்காக அடுத்தவர் மெட்டில் கைக்குட்டையாகப் போட்டுப் போட்டு எடுத்தவர். வீட்டுக்கு என்று வேறு சொல் எங்கே போய் வாங்குவார்?

“உங்க அக்கா மேல வந்தா நல்லா சிரிக்கிறா இல்ல?” என்று படியில் என்னைக் கண்டால் கேட்பார்.

“ஆமா சார்.”

“கீழ வரைக்கும் கேக்கும். என்ன பேசினான்னு கேக்காது, சிரிப்பு மட்டும் கேக்கும்.” பையைக் கை மாற்றிக்கொண்டு, “அது போதும். பேச்சு கேட்டா என் வாய் சும்மா இருக்காது” என்பார்.

போன வருடக் கடைசியில் அந்த இசையமைப்பாளர் காலமானார். நினைவுக் கூட்டத்தில் பழைய வயலின்காரர் ஒருவர், அந்தப் பாட்டின் முதல் வரி கவிஞருடையதே இல்லை, டம்மி போட்ட ஆளுடையது என்று உடைத்துவிட்டார். அதுவரை அந்த வரிக்குப் பல பிறப்புக் கதைகள் இருந்தன. இசையமைப்பாளர் ஒரு மழை நாளில் தனக்குத் தோன்றியதாகச் சொல்லியிருந்தார். கவிஞர் அது ஒரு ரயில் நிலையத்தில் பிறந்ததாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு டிவிக்காரக் கூட்டம் இந்த மனிதரைத் தேடிப் பிடித்துக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு வந்தது.

நாற்காலி போதாமல் என் வீட்டிலிருந்து இரண்டு எடுத்துப் போனார்கள். அதைச் சாக்கிட்டு நானும் போய், சமையலறை வாசலில் அக்காவோடு நின்றேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூடப் பையனைப் போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு விளக்கு அடித்தார்கள். கேள்வி கேட்ட பெண் துடியானவள்.

“சார், எங்க அம்மா பாடின வரி, இப்ப நான் பாடுற வரி. சொல்லுங்க, அது எப்படிப் பொறந்துச்சு?”

அவர் ஒரே ஒரு தடவை சமையலறைப் பக்கம் பார்த்தார். அக்கா தட்டில் தண்ணீர்த் தம்ளர்களை வைத்துக்கொண்டு நின்றாள். தட்டு அசையவில்லை.

“பஸ்ல” என்றார். “பஸ்ல போயிட்டிருந்தேன். முன் சீட்டுல யாரோ ஒரு பொண்ணு, பக்கத்துல இருந்தவர்கிட்டக் கேட்டுச்சு.”

“வாவ்! அதுக்கு அவர் என்ன பதில் சொன்னார் சார்?”

“தெரியலம்மா. அதுக்குள்ள என் ஸ்டாப் வந்துடுச்சு. இறங்கிட்டேன்.”

அந்தப் பெண் கை தட்டினாள். படம் பிடிக்கிறவர்கூடச் சிரித்தார். அக்கா கூடத்துக்குள் போய், தம்ளர்களை வரிசையாக வைத்து, “தண்ணி எடுத்துக்கங்க” என்றாள். அவர்கள் போன பிறகு தம்ளர்களைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “உன்கிட்ட பெட்டிக்குப் போடுற ஜிப்பு ரன்னர் இருக்கா? என்னோடது வாயைப் பிளந்துட்டு நிக்குது” என்றாள்.

மறுநாள் அவரைப் படியில் பிடித்தேன். நான் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டேன். ஏன் சார் பஸ் என்று சொன்னீர்கள்?

தக்காளிப் பை இல்லாத வெறும் கையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரு தடவை அவளைக் கேக்காம எடுத்து ஊருக்குக் குடுத்துட்டேன். மறுபடியும் டிவில போட்டுக் குடுக்கச் சொல்றியா? அவ வீட்டுக்குள்ள இருக்கட்டும்னுதான் வரியை மட்டும் பஸ்ஸுல ஏத்திவிட்டேன்.”

“இதை அக்காகிட்டச் சொல்லுங்களேன்.”

“சொல்லலாம்” என்றார். பாடாமல் இறங்கிப் போனார்.

சொன்ன மாதிரி தெரியவில்லை. அக்கா தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவு செய்தாள். தங்கை ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் சேர்ந்து இருந்துவிடலாம் என்று. “டிக்கெட் எடுத்தாச்சு” என்றாள் அக்கா. “திரும்பி வர்ற டிக்கெட்?” என்றேன். “அது எதுக்கு இப்பவே” என்றாள். அவரிடம் தங்கை வீட்டுக்கு என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவர் இந்தத் தடவையும் “ம்” என்றாராம்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். காலிப் பெட்டி. போனைக் கீழேயே சார்ஜில் போட்டிருந்தாள். நான் பழைய ரன்னரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அன்று அவர் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“இந்தாம்மா.” கொஞ்சம் இடைவெளி. “இந்தாம்மா?”

குளியலறைக் கதவு. பால்கனிக் கதவு. அலமாரி திறக்கும் சத்தம், பெட்டி இருக்கும் மேல் தட்டாக இருக்கும். அப்புறம் படியில் தடதடவென்று இறங்கும் காலடி.

நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “உக்காரு.”

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். அவர் வாசலில் காவல்காரரிடம் ஏதோ கேட்டார். காவல்காரர் உதட்டைப் பிதுக்கினார். அவர் தெருவில் இறங்கி ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலில் செருப்பு இல்லை, அதனால் நொண்டுவதைப் போல இருந்தது. நிறுத்தத்தில் ஒரு பேருந்து நின்றது. அதன் பக்கவாட்டில் போய், ஒவ்வொரு ஜன்னலாக எக்கி எக்கி உள்ளே பார்த்தார். உள்ளே இருந்த ஒருவர் கையை உதறி ஏதோ திட்டினார். அவர் அடுத்த ஜன்னலுக்குப் போனார்.

“அது எதிர்ப்பக்கம் போற பஸ்” என்றாள் அக்கா. “தங்கச்சி வீடு எந்தப் பக்கம்னுகூடத் தெரியல பாரு இந்த மனுசனுக்கு.”

பேருந்து கிளம்பிவிட்டது. அவர் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார். நின்றார். சாலையைக் கடந்து எதிர் நிறுத்தத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, கையெடுத்து மன்னிப்புக் கேட்டார். பழக்கடையில் கேட்டார். மருந்துக் கடையில் கேட்டார். தன் தோள் உயரத்துக்குக் கையை வைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டினார். மருந்துக் கடைக்காரர் தலையை ஆட்டினார்.

“பாவம்க்கா. குரல் குடுக்கறேன்.”

“வேணாம். இன்னும் முடிக்கல அவர்.”

அவள் குரலில் விளையாட்டும் இல்லை, கோபமும் இல்லை. திரையை விலக்கிய விரல் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் திரும்பி வந்தார். படியில் காலடி மெதுவாக ஏறியது. ஒரு காலில் செருப்புச் சத்தம், ஒரு காலில் இல்லை. தன் வீட்டு வாசலில் நிற்காமல் மேலே வந்தது. என் வீட்டுக் கதவை உள்ளங்கையால் தட்டினார்.

“தங்கச்சி, இருக்கியா?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

“பெட்டியைக் காணோம். அவளையும் காணோம். நாளைக்குன்னுதான் சொன்னா.” மூச்சு வாங்கியது. “உன்கிட்ட எதாவது சொன்னாளா? போனை வெச்சுட்டுப் போயிட்டா. எங்க தேடறதுன்னு தெரியல தங்கச்சி. எங்கெல்லாம் போவா, யாரையெல்லாம் பார்ப்பா, ஒண்ணுமே தெரியல எனக்கு. கடைக்காரன் என்ன கலர் துணின்னு கேட்டான், அதுகூடச் சொல்லத் தெரியல...”

அந்தப் பேச்சில் எங்கும் தாளம் இல்லை. பாதியில் நின்றது, வேறெங்கோ இருந்து தொடங்கியது, மறுபடி நின்றது. எந்த மெட்டிலும் அதை உட்காரவைக்க முடியாது.

அக்கா எழுந்தாள். தரையில் கிடந்த பெட்டியைச் சுற்றிக்கொண்டு, சத்தம் வராமல் நடந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளின் மேல் கை வைத்தாள். இழுக்கவில்லை. கன்னத்தைக் கதவில் சாய்த்து, காதை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.